நிலவில் கேட்ட பாங்கும் நிலவுக்கே போகாத மனிதரும்



2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம். ஒரகடத்தை அடுத்த ஒரு வாடகைக் கட்டடத்தில் நடக்கும் நம் மக்தபில் அன்று பாடம் நடைபெறவில்லை. பிள்ளைகள் அனைவரும் ஒரே ஒரு கைபேசியைச் சுற்றி நெருங்கி அமர்ந்திருந்தனர். மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அவர்கள் எழுப்பிய தக்பீர் தெருமுனை வரை கேட்டிருக்கும். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று சொன்னதும், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொன்னதுபோல் மகிழ்ந்தார்கள்.

அப்போது வாசலில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். நம்மிடமே ஓதியவர். இன்று ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறார். கம்பெனி பஸ் வரும் வரை ஒதுங்கி நின்றவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஹஜ்ரத், அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போனதே பொய்யின்னு வீடியோ வீடியோவா வருது. இது மட்டும் எப்படி உண்மைன்னு நம்புறது?"

நாம் கொடியைப் பற்றியும் நட்சத்திரங்களைப் பற்றியும் நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். பின்பு சொன்ன ஒரு சொல்தான் நம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை. "சின்ன வயசுல நீங்கதானே ஹஜ்ரத் மீலாது பயான்ல சொன்னீங்க, ஆம்ஸ்ட்ராங் நிலாவுல பாங்கு கேட்டார், இஸ்லாத்துக்கு வந்துட்டார்னு? அது பொய்யின்னு நெட்ல பார்த்தேன். அப்புறம் எதைத்தான் நம்புறது?"

பஸ் வந்துவிட்டது, அவர் ஏறிவிட்டார். பதில் சொல்ல வேண்டிய கடன் மட்டும் நம்மிடம் நின்றுவிட்டது. இக்கட்டுரை அந்தக் கடனின் ஒரு பகுதியே.

முதலில் நம் வீட்டுக் கதையைப் பார்த்துவிடுவோம். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் நடந்தபோது இனம் தெரியாத ஓர் ஓசையைக் கேட்டாராம். பின்னர் கெய்ரோவில் பாங்கு ஒலிக்க, அதே ஓசை என்று அறிந்து கலிமா சொன்னாராம். பிறகு லெபனானில் குடியேறினாராம். இந்தோனேசியா, மலேசியா, எகிப்து எனப் பல நாடுகளில் இது பரவிற்று. 1983 மார்ச் மாதத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை, முஸ்லிம் நாடுகளில் உள்ள தன் தூதரகங்களுக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டிய நிலை வந்தது: எந்த மதத்தையும் புண்படுத்தும் எண்ணம் ஆம்ஸ்ட்ராங்குக்கு இல்லை, ஆயினும் அவர் மதம் மாறினார் என்பது சரியன்று என்பதே அதன் சாரம். அவர் வாழ்ந்தது உண்மையில் லெபனானில்தான். ஆனால் அது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள லெபனான் என்ற ஊர். 2012 ஆகஸ்டில் காலமாகும் வரை அவர் இஸ்லாத்தை ஏற்றதாகச் சொன்னதில்லை. காற்றில்லாத நிலவில் ஒலி எவ்வாறு காதை எட்டும் என்று ஒரு கணம் யோசித்திருந்தாலே நாம் அன்று அந்த மேடையில் வாய் திறந்திருக்க மாட்டோம். அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று ஹதீஸ் வகுப்பில் மாணவரைத் துருவித் துருவிக் கேட்கும் நாம், இந்தச் செய்தியை ஒரு சிறு பிரசுரத்தில் படித்த மாத்திரத்தில் மேடை ஏற்றினோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

நிலவின் மேற்பரப்பில் காணப்படும் நீண்ட பள்ளம் ஒன்றின் படத்தைக் காட்டி, நிலவு பிளந்ததற்கு நாசாவே சான்று தந்துவிட்டது என்று சொல்லும் வழக்கமும் இத்தகையதே. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பள்ளத்தின் பெயர் ரீமா அரியடேயஸ். அதுபோன்ற பள்ளங்கள் நிலவில் எத்தனையோ உள்ளன. அண்ணலாரின் முஃஜிஸாவை நாம் நம்புவது வஹீயின் மீதும் ஸஹீஹான அறிவிப்புகளின் மீதும் நின்று. அதற்கு ஒரு புகைப்படத்தை முட்டுக் கொடுத்தால், முட்டு விழும் நாளில் எது விழுந்ததாகப் பிள்ளைகள் எண்ணுவார்கள்?

இனி, போகவே இல்லை என்போரின் வரலாறு. அப்பல்லோ-11 நிலவில் இறங்கியது 1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங் காலடி வைத்தபோது நம் நாட்டில் ஜூலை 21 திங்கட்கிழமை காலை எட்டரை மணி ஆகப்போகிறது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975 ஆகஸ்டில்தான். ஆகவே நம் பெற்றோர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வானொலியில் கேட்டார்கள், மறுநாள் நாளிதழில் படித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அம்மூன்று வீரர்களும் பம்பாய்க்கு வந்து போனார்கள்.

மறுப்புக்கு நூல் வடிவம் தந்தவர் பில் கேய்சிங் என்ற அமெரிக்கர். நிலவு ராக்கெட்டின் எஞ்சின்களைச் செய்த ராக்கெட்டைன் நிறுவனத்தில் எழுத்துப் பணியில் இருந்தவர். 1963 இலேயே வேலையை விட்டவர். 1976 இல், நாம் நிலவுக்குப் போகவே இல்லை என்ற பொருள்படும் தலைப்பில் தம் செலவிலேயே நூல் வெளியிட்டார். 1978 இல் செவ்வாய்ப் பயணம் ஒன்றை அரசு போலியாகப் படம்பிடிப்பதாக ஒரு ஹாலிவுட் திரைப்படம் வந்தது. 2001 பிப்ரவரியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இந்தச் சந்தேகங்களைத் தொகுத்து ஒரு நிகழ்ச்சியே ஒளிபரப்பியது. இன்று நம் இளைஞர்களின் கைபேசியில் சுற்றும் வீடியோக்களில் பெரும்பாலானவை அந்த நிகழ்ச்சியின் பேரப்பிள்ளைகள். இத்தனைக்கும் 1999 இல் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் சந்தேகம் தெரிவித்த அமெரிக்கர்கள் 6 சதவீதத்தினரே.

ஆண்டுகளைக் கவனியுங்கள். 1971 இல் வியட்நாம் போர் பற்றிய இரகசிய ஆவணங்கள் வெளியாகி, அரசு பல ஆண்டுகள் மக்களிடம் உண்மையை மறைத்தது அம்பலமாயிற்று. 1974 இல் வாட்டர்கேட் ஊழலால் அதிபர் நிக்சன் பதவி விலகினார். நிலவில் நின்ற வீரர்களோடு தொலைபேசியில் பேசியவரும் அவரே. கேய்சிங்கின் நூல் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வருகிறது. நம் தலைமுறைக்கோ 2003 நினைவில் இருக்கிறது. ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக ஐக்கிய நாடுகள் சபையில் படங்களைக் காட்டி வாதிட்டார்கள். ஒரு நாடே சிதைந்த பின், அத்தகைய ஆயுதக் கிடங்குகள் இல்லை என்றானது. இவற்றையெல்லாம் பார்த்த ஒருவர் அமெரிக்க அரசின் வார்த்தையை அப்படியே ஏற்கத் தயங்கினால், அவரை அறிவிலி என்று ஏசுவது நீதியாகாது.

அந்த இளைஞருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடுத்த வாரம் விடுமுறை நாளில் வந்தவர் மனம் திறந்து பேசினார். அவர் வேலை செய்யும் இடத்துக்கு ஆடிட் வருவதாக இருந்தால் முந்தைய நாளே தரையில் புதிய மஞ்சள் கோடு போடப்படுமாம். கழிவறையில் சோப்பு வருமாம். யார் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பார்களாம். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனதும் சோப்பும் போய்விடுமாம். "ஒரு நாள் ஆடிட்டுக்கே இவ்வளவு செட்டிங் போடுறாங்க ஹஜ்ரத், ரஷ்யாவை ஜெயிக்க அமெரிக்கா போட மாட்டானா?" என்றார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ ஆலைகள். உலகச் சந்தைக்கான காரும் கைபேசியும் இந்த மண்ணில்தான் உருவாகின்றன. நுட்பத்துக்கு இவ்வளவு அருகில் இருப்பவர் நுட்பத்தை நம்புவார் என்று நாம் எண்ணியிருந்தோம். அவர் அருகில் இருந்து பார்த்ததோ, மனிதர்கள் எப்படி வேடம் போடுகிறார்கள் என்பதை.

அவருக்கு நாம் மதரஸாவின் மொழியிலேயே பதில் சொன்னோம். அந்தத் தாளை எழுதிக் கொடுத்தது பொய்யென்றால், அது உனக்கு எப்படித் தெரிந்தது? உள்ளே இருந்ததால்தானே? ஒரு ஷிப்டில் நடக்கும் நாடகமே தேநீர்க் கடை வரை வந்துவிடுகிறது. அப்பல்லோ திட்டத்தில் உழைத்தவர்கள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். 1969 முதல் 1972 வரை ஆறு முறை, 12 மனிதர்கள் இறங்கினார்கள். பொய்யில் ஒன்றுகூட முடியாத அளவுக்குப் பலர் பல வழிகளில் அறிவிக்கும் செய்தியை நாம் முதவாத்திர் என்கிறோம். பெருநாள் பிறைக்கு நேர்மையான இரு சாட்சிகள் போதும் என்று நோன்பையே விடுகிறோமே!

எல்லாவற்றையும் விட, எதிரியின் சாட்சியம் இருக்கிறது. அமெரிக்கர்கள் நிலவில் இருந்த அதே நேரத்தில் சோவியத் யூனியனின் லூனா-15 விண்கலமும் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூலை 21 அன்று அது மோதி நொறுங்கியது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கி இரண்டையும் பின்தொடர்ந்தது. அமெரிக்கா ஏமாற்றியிருந்தால் அதை உலகுக்குச் சொல்ல மாஸ்கோவை விட ஆவல் கொண்டவர் யார்? அவர்கள் மறுக்கவில்லை. பின்பு தங்கள் தானியங்கிக் கலங்களால் சில நூறு கிராம் நிலவு மண்ணைக் கொண்டுவந்தார்கள். அப்பல்லோ கொண்டுவந்தது 382 கிலோ.

ஆனால் அவரை உண்மையில் நிமிர்ந்து உட்கார வைத்தது நாமக்கல் மாவட்டம்தான். அங்கே சித்தம்பூண்டி, குன்னமலை என்ற ஊர்களில் அனார்த்தோசைட் என்னும் வெளிறிய பாறை கிடைக்கிறது. சந்திரயானின் இறங்குகலத்தையும் ஊர்தியையும் பெங்களூரில் சோதித்துப் பார்க்க நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் துணையோடு இந்தப் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ பயன்படுத்தியது. சுமார் 50 டன் அனுப்பப்பட்டதாக அப்போது செய்தி வந்தது. நிலவின் மேட்டு நிலம் இப்பாறையால் ஆனது என்று எப்படித் தெரியும்? அப்பல்லோ வீரர்கள் எடுத்து வந்த கற்களால். 1971 இல் அப்பல்லோ-15 கொண்டுவந்த புகழ்பெற்ற கல் ஒன்று அனார்த்தோசைட்டே. பிறகு சந்திரயான்-3 இன் ஊர்தி, அமெரிக்கர் எவரும் கால் வைக்காத தென்பகுதியில் மண்ணை அளந்தது. 2024 ஆகஸ்டில் வெளியான முடிவு, அங்கும் அனார்த்தோசைட்டின் கூறுகளைக் கொண்ட மண் என்று சொல்கிறது. மூன்று தனித்தனி அறிவிப்புகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அவற்றில் ஒன்று நம்முடையது.

படமும் உண்டு. 2021 இல் சந்திரயான்-2 இன் சுற்றுகலம், அப்பல்லோ-11 நிலவில் விட்டுவந்த அடிப்பகுதியைத் தன் கேமராவால் எடுத்தது. அதே சந்திரயான்-2 இன் இறங்குகலம் 2019 செப்டம்பரில் விழுந்து நொறுங்கியபோது, நாசா வெளியிட்ட படங்களை இரவிரவாக ஒப்பிட்டுச் சிதறலின் முதல் துண்டைக் கண்டுபிடித்தவர் சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவர் நாசாவுக்கு எழுதினார். அவர்கள் சரிபார்த்து டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு மனிதர், கணினி ஒன்றோடு அமர்ந்து செய்த விசாரணை அது.

செய்தி கொண்டுவருபவர் நம்பத்தகாதவராயின் தெளிவாக விசாரியுங்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு இடும் கட்டளை. விசாரி என்றுதான் இருக்கிறது. தூக்கி எறி என்று இல்லை. நிலவுப் பயண காலத்தில் சவூதி அறிஞர் ஷைக் இப்னு பாஸ், கோள்களுக்கு ஏறிச் செல்வது சாத்தியமே என்பதற்கு ஆதாரங்களைத் தொகுத்து நூல் எழுதினார். (அதே நூலில் பூமி அசையாமல் நிற்கிறது என்றும் வாதிட்டார்; பெரியவர்களும் ஒரு கையால் சரியாகவும் மறு கையால் தவறாகவும் எழுதுவதுண்டு.) அப்பல்லோ வீரர்களுக்கு நிலவின் நிலவியலைக் கற்பித்தவர்களில் ஒருவர் எகிப்தில் பிறந்த ஃபாரூக் அல்பாஸ். பாங்குக் கதையை மேடைதோறும் சொன்ன நாம், இவர் பெயரை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அப்பல்லோ-16 இறங்கிய மேட்டு நிலத்துக்கு அருகே வரலாற்றாசிரியர் அபுல் ஃபிதாவின் பெயரில் ஒரு பள்ளம் உள்ளது என்பதையும் இக்கட்டுரைக்காகத் தேடியபோதுதான் அறிந்தோம்.

அந்த மாதத்து ஜும்ஆ ஒன்றில், தொழுகைக்குப் பின் எழுந்து நின்று, முன்பு நாம் சொன்ன ஆம்ஸ்ட்ராங் கதை ஆதாரமற்றது, அதைச் சொன்னது நம் தவறு என்று அறிவித்தோம். சபையில் சிறிது நேரம் அமைதி. வெளியே செருப்பு மாட்டும்போது முதியவர் ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருந்த கதையாச்சே ஹஜ்ரத், அதை ஏன் கெடுத்தீங்க?" என்று வருத்தத்தோடு கேட்டார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ஸலாம் சொல்லி நகர்ந்தோம்.

இளைஞர் அன்று ஜும்ஆவுக்கு வரவில்லை, பகல் ஷிப்டு. இரவில் கைபேசியில் அழைத்தார். அறிவிப்பு அவர் காதுக்கும் போயிருந்தது. சித்தம்பூண்டிக்கு ஒரகடத்திலிருந்து எந்தப் பஸ் ஏற வேண்டும் என்று கேட்டார்.