நிலம் இழந்தோரும் நிலமே இல்லாதோரும்

சவ்வாது மலையைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் நமக்குச் சாத்தனூர் அணை புதியதன்று. தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையின் உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அது பல்லாயிரம் ஏக்கர் வயல்களைச் செழிக்கச் செய்வதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அணையோ, சாலையோ, தொழிற்பேட்டையோ, எதற்காக நிலம் எடுக்கப்பட்டாலும், இழப்பீடு எவருக்குக் கிடைத்தது, எவருக்குக் கிடைக்கவில்லை என்னும் வரலாற்றை நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆங்கிலேயர் 1894இல் இயற்றிய நில எடுப்புச் சட்டமே விடுதலைக்குப் பின்னரும் 2013 வரை நடைமுறையில் இருந்தது. சாத்தனூர் அணை எழுந்த நாளில், நிலத்தின் சந்தை விலையும் அதன்மேல் நூற்றுக்குப் 15 வீதம் ஆறுதல் தொகையும் தருவது அச்சட்டத்தின் முறை. பட்டாவில் பெயருள்ளவர் அதனைப் பெற்றார். அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு ஏர் உழுதவர், நாற்று நட்டவர், களத்தில் கதிரடித்தவர் ஆகியோருக்கு அதில் இடமில்லை. மறுவாழ்வு என்றொரு பகுதியே அச்சட்டத்தில் கிடையாது.

நம்மவர் கையில் பட்டா ஏன் இல்லை? செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கை, நம் முன்னோர் நிலமற்று அடிமைகள்போல் வாழ்ந்த நிலையை அரசின்முன் வைத்தது. அதன் பயனாக 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் பத்தாண்டுகள் விற்கலாகாது. பின்னரும் பிற வகுப்பாருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. இருந்தும் அவற்றுள் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. நிலம் கைமாறினால் இழப்பீடும் கைமாறும் அன்றோ?

1947 முதல் 2004 வரை திட்டங்களால் இந்தியாவில் இடம்பெயர்ந்தோரும் வாழ்வாதாரம் இழந்தோரும் ஏறத்தாழ 6 கோடிப் பேர் என்பது ஆய்வறிஞர் வால்டர் பெர்னாண்டஸின் கணிப்பு. அவர்களுள் நூற்றுக்கு 40 பேர் பழங்குடியினர். 20 பேர் தலித் மக்கள். நாட்டின் வளர்ச்சிக்கு எளியோரே மிகுதியாக விலை கொடுத்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நருமதைப் பள்ளத்தாக்கு மக்கள் போன்றோரின் நெடிய போராட்டங்களுக்குப் பின், 2013ஆம் ஆண்டின் புதிய சட்டம் பிறந்து, 1.1.2014 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலம் எடுப்பதற்கு முந்திய மூன்றாண்டுகள் அப்பகுதியில் உழைத்து, அவ்வுழைப்பையே முதன்மையான பிழைப்பாகக் கொண்ட விவசாயக் கூலிகளும் குத்தகையாளரும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என அதில் ஏற்கப்பட்டனர். அரசு ஒப்படை செய்த நிலத்தை இழப்போரும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பெற்ற உரிமையை இழக்கும் நம் மலைவாழ் சகோதரர்களும் அதில் அடங்குவர். நூறாண்டுக்கு மேலாக ஏட்டில் ஏறாத பெயர் அன்றுதான் ஏறியது!

எனினும் நாம் அயர்ந்துவிடலாகாது. நெடுஞ்சாலை, தொழில், ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கான மூன்று மாநிலச் சட்டங்களின்கீழ் எடுக்கப்படும் நிலங்களுக்கு அப்புதிய சட்டத்தின் நடைமுறைகளிலிருந்து 2014இல் தமிழ்நாடு விலக்களித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் அவ்விலக்கை ஏற்கவில்லை. அவ்வாண்டே மாநில அரசு வேறொரு சட்டம் இயற்றிற்று. அதனை உச்சநீதிமன்றம் 2021இல் செல்லும் என்றது. இழப்பீடும் மறுவாழ்வும் பற்றிய அட்டவணைகள் அந்நிலங்களுக்கும் பொருந்தும். ஆனால் எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீடு அங்குக் கட்டாயமில்லை. அம்மூன்று சட்டங்களுள் ஒன்று நமக்கு வீட்டுமனை வழங்க வந்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லுதல் முறை. நமக்கு மனை கிடைக்கும்போது நிலம் இழப்பவருக்கும் நியாயமான விலை கிடைத்தல் வேண்டும். நாம் கேட்கும் நீதி பிறருக்கும் உரியதே.

ஆகவே, தேடி வந்து கேட்பார் இல்லாவிடத்து, நம் பெயரை நாமே பட்டியலில் ஏற்றுதல் வேண்டும். படித்த இளைஞர்களே! உங்கள் பாட்டனார் பெட்டியில் மடித்து வைத்த ஒப்படை ஆணையை எடுத்துப் படியுங்கள். சிட்டா, அடங்கலில் எவர் பெயர் உள்ளதெனப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் நில எடுப்பு அறிவிப்பு ஒட்டப்பட்டால், எழுத்தறியாத கூலித் தாய்மார்க்குப் படித்துச் சொல்லுங்கள். கெடு முடியுமுன் அவர்களுக்காக மனு எழுதுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் ஊட்டிய கல்விக்கு இதனினும் சிறந்த பயன் வேறில்லை.