தாளம் யார் கையில்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி மேடையேறுவதற்கு முன் நீளமான ஒரு வரிசை நிற்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் இலக்கணம் சொல்லி முடித்த பிறகுதான் இளங்கோ அவளை ஆட விடுகிறார். ஆடுகிறவள் பெண். அவள் காலுக்கு அளவு வைக்கிற அத்தனை பேரும் ஆண்பால் விகுதியோடு வருகிறார்கள். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகள் பெரும்பாலும் ஒப்பனையையும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சையும் பற்றியே கேட்பார்கள். தண்ணுமைக்காரனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் எழுத நினைப்பது அவன் இருக்கையைப் பற்றி. அதன் இன்றைய பெயர் டிஜே.

முத்தியால்பேட்டை நெசவாளர் ஊர். பாரதியின் குயில் தோப்பு இங்கே இருந்ததால் இலக்கிய வரலாற்றில் ஊருக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது. தறிக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அடுத்தடுத்த வீடுகளில் இரண்டு தறி ஓடினால் என்ன ஆகும் என்பது தறிச்சத்தத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். சிறிது நேரம் இரண்டும் ஒரே அடியாக விழும். பிறகு ஒன்று மயிரிழை முந்தும். ஓரடி ஈரடியாகப் பிளக்கும், குதிரை ஓடுவதுபோலக் கேட்கும், சுற்றி வந்து மறுபடி சேரும். இரண்டு பாட்டை ஒன்றன்மேல் ஒன்று ஓடவிட்டு, அந்தப் பிளவு வராமல் கையால் பிடித்துவைக்கும் வேலைக்குத்தான் பீட்மேட்ச்சிங் என்று பெயர். இன்று சனிக்கிழமை இரவுகளில் காற்று வடக்கிலிருந்து திரும்பினால், கோட்டக்குப்பம் பக்கத்துக் கடற்கரை விடுதிகளின் அடி எங்கள் தெருவரை வருகிறது. பெரும்பாலும் நேரடி: ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு கிக், நிமிடத்துக்கு 120க்கு மேல், ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று தரையில் விழுந்துகொண்டே இருக்கும்.

இந்த நேரடிக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. பிலடெல்பியாவின் டிரம்மர் ஏர்ல் யங், 1973இல் ஹரோல்டு மெல்வின் அண்டு தி ப்ளூ நோட்ஸ் குழுவின் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டில் நான்கு எண்ணிக்கைக்கும் பேஸ் டிரம்மை மிதித்தார். டிஸ்கோ அதை எடுத்துக்கொண்டது, பிறகு ஹவுஸ், டெக்னோ. பிரேக்பீட் வேறு குணம். பழைய ஃபங்க், சோல் தட்டுகளில் மற்ற வாத்தியங்கள் நின்று டிரம் மட்டும் தனியாகப் பேசுகிற சில நொடிகளே பிரேக். அங்கே கிக் எண்ணிக்கையில் விழாமல் தள்ளி விழும், காத்திருக்கும், இரட்டிக்கும். நம் தாள இலக்கணத்தில் சமம், அதீதம், அனாகதம் என்று எடுப்பின் இடத்தைப் பிரித்து வைத்திருக்கிறோமே, அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த இரண்டின் வேறுபாடு உடனே பிடிபடும். ஒன்று சமத்தை விட்டு அசையாது. மற்றது சமத்தைச் சுற்றி விளையாடும்.

தட்டு சுழற்றும் கலையின் வரலாறு வழக்கமாக ஆண்களின் பெயர்ப்பட்டியலாகவே சொல்லப்படுகிறது. ஆனால் பட்டியலின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்தால் பெண்கள் நிற்கிறார்கள்.

1953ஐ எடுத்துக்கொள்வோம். அப்போது புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. கைமாற்றத்துக்கு ஓராண்டு பாக்கி. அந்த ஆண்டு பாரிஸில் விஸ்கி ஆ கோகோ என்ற இரவு விடுதியில் ரெஜின் என்ற இளம்பெண் வேலை பார்த்தார். போலந்து யூதக் குடும்பத்தில் பெல்ஜியத்தில் பிறந்து, போர்க்காலத்தை ஒளிந்து கழித்தவர். ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் விழுகிற மௌனம் அவரை உறுத்தியது. அந்த இடைவெளியில் மூலையில் இருக்கும் ஜோடிகளின் சத்தம் கேட்டுவிடுகிறது, ஆட்டம் செத்துப்போகிறது. ஜூக்பாக்ஸை அகற்றிவிட்டு இரண்டு தட்டுச்சுழலிகளை வைத்து, ஒன்று முடியும் முன் மற்றதைத் தொடங்கினார். இது அவரே சொல்லிவந்த கணக்கு; இதே பெருமைக்கு வேறு உரிமையாளர்களும் உண்டு. ஆனாலும் இரண்டு தட்டு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை. 2022இல் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகள் ‘இரவின் ராணி’ என்றன. தொழில்நுட்பக்காரர் என்று சொல்ல ஆள் குறைவு.

அடுத்த காட்சி நியூயார்க். 1970 வாக்கில், முன்பு தேவாலயமாக இருந்த சாங்க்சுவரி என்ற விடுதியில் ஃபிரான்சிஸ் கிராஸோ ஹெட்போனில் அடுத்த பாட்டைக் கேட்டுக்கொண்டே, ஓடும் பாட்டின் அடிமேல் அதைப் பொருத்தினார். அக்காலத் தட்டுகளில் வாசித்தவர்கள் மனிதர்கள், இயந்திரம் அல்ல. பாட்டின் நடுவில் வேகம் கூடும், குறையும். விரல் ஓயாமல் தட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பீட்மேட்ச்சிங்கின் தந்தை என்று அவரைச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை.

பிரேக்கின் கதைக்கு எல்லோரும் சொல்லும் நாள் 1973 ஆகஸ்ட் 11. பிராங்க்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பின் பொது அறையில் ஒரு விருந்து. டிஜே கூல் ஹெர்க் தட்டு சுழற்றினார். ஹிப்-ஹாப் பிறந்தது என்று புத்தகங்கள் எழுதுகின்றன. அந்த விருந்தை நடத்தியது ஹெர்க்கின் தங்கை சிண்டி கேம்பல். பள்ளி திறக்கும் நேரம். புது உடுப்பு வாங்கப் பணம் வேண்டும். அறையை வாடகைக்கு எடுத்து, அழைப்பு அட்டைகளைக் கையால் எழுதி, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று கட்டணம் வைத்தவர் அவர். அண்ணன் அன்று வாசித்ததற்கு வேலை கொடுத்தவர் தங்கை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, பிரேக் முடியும்போது மற்றதில் அதே பிரேக்கைத் தொடங்கி நீட்டுவார். அடிக்கு அடி துல்லியம் அதில் இல்லை. துல்லியத்தைக் கொண்டுவந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தட்டில் கிரேயானால் குறியிட்டு, சுற்றுகளை எண்ணித் திருப்பினார். தட்டு வழுக்குவதற்காக அடியில் ஒரு துணி வேண்டியிருந்தது. அவர் அம்மா தையல்காரர். துணி வகைகள் பிள்ளைக்குத் தெரியும். ஃபெல்ட் துணியை வெட்டி, அம்மாவின் கஞ்சித் தெளிப்பானால் விறைப்பாக்கிக்கொண்டார். இன்று கடையில் ஸ்லிப்மேட் என்று விற்கும் பொருளின் முன்னோடி ஒரு தையல்காரியின் வீட்டிலிருந்து வந்தது. பாவு தோய்த்த வீடுகள் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. தறியில் உட்கார்ந்தவர் நெசவாளர். தார் சுற்றியவள், கஞ்சி காய்ச்சியவள் ‘வீட்டுப் பெண்’.

உலகில் அதிகம் திருடப்பட்ட பிரேக் 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாட்டில் இருக்கிறது. கிரெகரி கோல்மன் என்ற டிரம்மர் சுமார் ஏழு நொடி தனியாக வாசிக்கிறார். அந்த ஏழு நொடி வெட்டி ஒட்டப்பட்டு ஆயிரக்கணக்கான பாடல்களில் ஓடியது. லண்டனின் ஜங்கிள் இசையே அதன்மேல் கட்டிய வீடு. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார். பெயரில்லாத உழைப்பு பெண்ணுக்கு மட்டும் உரியது என்று நான் வாதிட மாட்டேன். கறுப்பின டிரம்மரும் அதே கணக்கில் வருகிறார்.

நேரடியும் பிரேக்கும் ஒரே அறையில் அருகருகே வந்தது 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் ரேவ் கொட்டகைகளில். அங்கே இரண்டு பெண்கள்: கெமிஸ்ட்ரி, ஸ்டார்ம். ஒருவர் ஒப்பனைக் கலைஞர், மற்றவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். சேர்ந்து தட்டுச்சுழலிகள் வாங்கி வீட்டில் பழகினார்கள். பின்னாளில் பெரும்பெயர் பெற்ற கோல்டியை இந்த இசைக்கு இழுத்துவந்தவர்கள் இவர்கள். 1994இல் மெட்டல்ஹெட்ஸ் நிறுவனத்தை அவரோடு சேர்ந்து தொடங்கினார்கள். ஆனால் மெட்டல்ஹெட்ஸ் என்றால் கோல்டி என்றே சொல்வார்கள். 1999 ஏப்ரலில், நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் வழியில் நடந்த விபத்தில் கெமிஸ்ட்ரி இறந்தார். ஸ்டார்ம் தனியாகத் தொடர்ந்தார்.

லண்டன் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் ப்ளூ நோட் என்ற விடுதி. 1995 முதல் ஞாயிறு இரவுகள் மெட்டல்ஹெட்ஸுக்கு. திங்கள் இரவுகள் ‘அனோக்கா’வுக்கு, தபலாவும் டிரம் அண்டு பாஸும் ஒரே மேடையில். அனோக்காவை டால்வின் சிங்கோடு சேர்ந்து நடத்தியவர் ஸ்வீட்டி கபூர். 1997இல் வந்த தொகுப்பின் அட்டையில் டால்வின் சிங் பெயர் இருக்கிறது. செட்ஜ்விக் அவென்யூ மறுபடி.

நம் பெண் ஒருத்தியின் கதையும் இதில் உண்டு. மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. ரோலண்டு எம்சி-505 என்ற தாளப்பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் பீச்சஸ் என்ற பாடகி. அந்தப் பெட்டியில் பழகிச் செய்த பாடல்கள் 2005இல் ‘அருளர்’ ஆகின, தந்தையின் பெயர். 2007இல் ‘கலா’, தாயின் பெயர். அதில் நம் உறுமி இழுத்து அழுகிறது. அதே ஆண்டு ஒரு பேட்டியில், தன் இசையைச் செய்தது டிப்ளோ என்று பத்திரிகைகள் தொடர்ந்து எழுதுவதைப் பற்றி அவர் கோபமாகப் பேசினார். தாளத்தைப் பெண் செய்திருக்க முடியாது என்பது எழுதியவர்களின் முன்முடிவு.

இந்த முன்முடிவு நம் சபாக்களில் இன்னும் பழையது. லயக் கணக்கு ஆண்மூளை வேலை என்று நினைத்த காலத்தில், பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கவில்லை. அந்த விரதத்தை அவர் விட்டது டி.கே. பட்டம்மாளுக்காக. பல்லவிக் கணக்கில் பட்டம்மாளை மறுக்க வழியில்லாமல் போயிற்று. (பிறகு இருவரும் சம்பந்திகளும் ஆனார்கள்.) புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் மிருதங்கம் கற்ற திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், ஒரு பெண்ணோடு மேடையில் உட்கார மறுத்த மிருதங்கக்காரர்களைப் பற்றிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆட்டக்காரிக்குத் தாளம் போடும் நட்டுவனார் இருக்கையில் கே.ஜே. சரசா வந்து அமர்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். பெண் பாடலாம், ஆடலாம். தோல், பானை, தாளம் என்று வந்தால் முகம் மாறும்.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். மர்மமாக வைத்திருப்பதும் ஒருவகைக் கதவடைப்பு. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தட்டுச்சுழலியின் 1979ஆம் ஆண்டு வடிவத்தில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவுகோல் இருக்கிறது. 8 சதவீதம் மேலே, 8 சதவீதம் கீழே. கோல்மனின் பிரேக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 137 அடி. ஹவுஸ் பாட்டு 126 என்று வைத்துக்கொள்வோம். பிரேக்கை 4 சதவீதம் இறக்கி, ஹவுஸை 4 சதவீதம் ஏற்றினால் இரண்டும் 131 பக்கத்தில் சந்திக்கும். வேகத்தோடு சுருதியும் நகரும் என்பதால், யாரும் ஒரே பாட்டின் தலையில் முழுச் சுமையையும் ஏற்ற மாட்டார்கள்.

எண் பொருந்தினால் போதாது. தொடக்கக்காரர்கள் கிக்கோடு கிக்கைச் சேர்க்கப் பார்ப்பார்கள். பிரேக்கில் கிக் இடம் மாறி விழுவதால் அது ஏமாற்றும். ஹவுஸில் இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் ஒரு கைத்தட்டல் கேட்கும். பிரேக்கில் பெரும்பாலும் ஸ்னேரின் உரத்த அடி அங்கேயே விழும். காதை அந்த இரண்டில் வைத்தால் தாளம் சேரும். ஆனால் ஆமென் பிரேக்கின் கடைசியில் ஸ்னேரும் இடம் நழுவும். அதுவரை பிடித்த நூலை விடாமல் மனத்துக்குள் எண்ண வேண்டும். கையில் தாளம் போட்டுக்கொண்டு கோர்வையைக் கேட்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பிறகு மிக்ஸரில் ஒரு பாட்டின் அடிநாதத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு கிக்கும் முழு பலத்தோடு மோதினால் அறை கலங்கும். சேர்க்கும் இடமும் முக்கியம். இவ்வகைப் பாட்டுகள் எட்டு, பதினாறு ஆவர்த்தனங்களாகக் கட்டப்பட்டவை. பத்தி தொடங்கும் இடத்தில் விட்டால்தான் ஒன்றின் முடிவும் மற்றதன் தொடக்கமும் கைகோர்க்கும்.

டிரம் அண்டு பாஸ் 170 அடிக்கு மேல் ஓடும், நழுவுகோல் எட்டாது. அதற்கும் வழி உண்டு. ஹவுஸின் மூன்று அடி நேரத்தில் மற்றதன் நான்கு அடியைப் பொருத்துவது. ஹவுஸ் 127.5, மற்றது 170. திஸ்ரத்தின்மேல் சதுஸ்ரம் போடத் தெரிந்த கொன்னக்கோல் மாணவி இதைக் காகிதம் இல்லாமல் செய்துவிடுவாள்.

இப்போது கருவிகளில் ‘சிங்க்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வேகம் தானே பொருந்தும். ஆண் அழுத்தினால் வசதி, பெண் அழுத்தினால் ‘அவளுக்கு வாசிக்கத் தெரியாது’. மிக்ஸர் முன்னால் ஒரு பெண் நின்றால் அவள் விரல் எந்தப் பொத்தானில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பொத்தான் சமமான கட்டங்களைக் கோடு போட்டு வைத்துக்கொள்கிறது. இயந்திரத்தில் செய்த ஹவுஸுக்கு அது சரி. 1969இல் ஒரு மனிதன் கையால் அடித்த பழைய தட்டை அப்படியே ஓடவிட்டால், நான்கு ஆவர்த்தனத்துக்குள் கட்டத்தை விட்டு விலகத் தொடங்கும். அப்போது பொத்தானை அணைத்துவிட்டு, ஒரு காதில் ஹெட்போனும் மறு காதில் கூடமுமாக, விரலைத் தட்டின் விளிம்பில் வைக்க வேண்டியிருக்கும். முந்தினால் லேசாகத் தடுக்க வேண்டும். பிந்தினால் லேசாகத் தள்ள வேண்டும்.