எல்லாம் இருந்தும் மூடப்பட்ட டீம்: சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கதை

இன்னைக்கு அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பத்திப் பேசப் போறோம். நம்ம ஊர் கால்பந்து இல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கிட்டு ஓடுற ஆட்டம். இதுல ஒரு டீமை 'பெரிய டீம்' ஆக்குறது எது? கோப்பையா, ஸ்டேடியமா, ஸ்டார் பிளேயரா? இந்த மூணுமே இருந்தும் ஒரு டீம் காணாமப் போச்சு. அதுதான் சிகாகோ பல்கலைக்கழகம்.

1892-ல் அங்கே வகுப்புகள் தொடங்குது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், அந்த வருஷமே அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கைக் கோச்சாகக் கொண்டுவந்தார், அதுவும் ஆசிரியர் அந்தஸ்தோட. புதுப் பல்கலைக்கழகம், வெளியில் பேர் தெரியணும் இல்லையா? ஹார்ப்பருக்கு அதுக்கு ஃபுட்பாலும் ஒரு வழி. கணக்கு பலிச்சுது. 1905-ல், 56 ஆட்டமா தோல்வியே பார்க்காத மிச்சிகன் டீமை 2–0-னு சிகாகோ சாய்ச்சது. பின்னாளில் 'பிக் டென்' ஆன லீக்கில், ஸ்டாக் காலத்துல மட்டும் 7 பட்டங்கள். சுமார் 50,000 பேர் உட்காரும் மைதானத்துக்கும் அவர் பேர்தான்.

1929-ல் ராபர்ட் ஹட்சின்ஸ் தலைவரா வந்தார். அவருக்குப் பல்கலைக்கழகம்னா படிப்பும் ஆராய்ச்சியும்தான். 1932 சீசனோட, 70 வயசு ஸ்டாக்குக்கு ஓய்வு கொடுத்தாங்க. மத்த பல்கலைக்கழகங்கள் நல்ல வீரர்களைத் தேடித் தேடிச் சேர்த்தப்போ, சிகாகோ அந்தப் போட்டியில் இறங்கவே இல்ல.

இதுல விசித்திரம் என்னன்னா, நாட்டின் சிறந்த காலேஜ் வீரருக்கான, இன்னைக்கு ஹைஸ்மன்னு சொல்ற விருதை முதன்முதலா 1935-ல் வாங்கினவர் சிகாகோவின் ஜே பெர்வாங்கர்தான்! ஆனா ஒரு ஸ்டாரால டீமைக் காப்பாத்த முடியல. 1939-ல் மிச்சிகனிடம் 85–0, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 61–0, ஹார்வர்டிடம் 61–0. அந்த டிசம்பரில் பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே நிறுத்திடுச்சு. 1946-ல் பிக் டென்னை விட்டும் வெளியேறியது.

காலியான அந்த மைதானத்தின் மேற்கு கேலரிக்குக் கீழேதான், 1942 டிசம்பர் 2-ல் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கரு தொடர்வினையை நடத்திக் காட்டியது. நம்ம சந்திரசேகர் 1937-ல் போய்ச் சேர்ந்ததும் இதே ஹட்சின்ஸின் பல்கலைக்கழகத்துலதான். எதுக்காகத் தன் பேர் தெரியணும்னு அந்த இடம் முடிவு பண்ணிடுச்சு.

என் பார்வையில், பெரிய டீம்ங்கிறது ஒரு தடவை வாங்கி வைக்கிற பட்டம் இல்ல. 'இந்த ஆட்டமும் நம்ம முகம்தான், அதுக்கான விலையைக் கொடுப்போம்'னு நிர்வாகம் வருஷா வருஷம் எடுக்குற முடிவு. அட்மிஷன், பணம், படிப்பு எல்லாத்துலயும் அந்த விலை இருக்கு. ஹார்ப்பர் கொடுத்தார், ஹட்சின்ஸ் மறுத்தார். ரெண்டுமே தெளிவான முடிவுகள்தான். நடுவுல, டீமை வளர்க்கவும் இல்லாம மூடவும் இல்லாம இருந்த வருஷங்கள்தான் கொடுமை. அந்த 85–0-ஐ மைதானத்தில் நின்னு வாங்கினது தலைவர் இல்ல, மாணவர்கள்.

1969-ல் ஃபுட்பால் அங்கே திரும்பி வந்தது. இப்போ மூணாவது டிவிஷன், விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆடணும்னு ஆசைப்படுற பசங்க ஆடுறாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.