0.8 நொடியில் போன வேலை
விளையாட்டு விழாவில் ஒரே ஓட்டத்துக்கு மூன்று ஆசிரியர்கள் மூன்று நேரம் சொல்வோம். யார் கை பிந்தியது என்று சண்டையே வரும். எனக்கு அப்போதெல்லாம் கின்னிப்ரூக் ஞாபகம்தான்.

1796. லண்டன் அருகே கிரீனிச் வானாய்வகம். அங்கே டேவிட் கின்னிப்ரூக் உதவியாளர். தொலைநோக்கிக்குள் கட்டிய மெல்லிய கம்பியை விண்மீன் கடக்கும் கணத்தைக் குறிக்க வேண்டும். காது கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ணும். கண் நகரும் ஒளியைத் துரத்தும். இரண்டையும் சேர்த்து, நொடியில் பத்தில் ஒரு பங்குவரை எழுத வேண்டும். செய்து பாருங்கள், கண் ஒன்றில் லயித்தால் கணக்கு நழுவும்!

தலைவர் மாஸ்கெலினைவிட இவர் முதலில் அரை நொடி பிந்தினார். சொல்லியும் குறையவில்லை, 0.8 ஆனது. வேலை போயிற்று. மாஸ்கெலின் கெட்டவர் அல்ல. நடந்ததை ஒளிக்காமல் அச்சிலேயே எழுதிவைத்தார்.

அதை வெகுநாள் கழித்துப் படித்தவர் கோனிக்ஸ்பர்க் வானியலாளர் பெஸல். அவருக்குச் சந்தேகம் தட்டியது. கைதேர்ந்தவர்களோடு தன்னையே ஒப்பிட்டுப் பார்த்தார். 1823இல் ஆர்கெலாண்டருக்கும் அவருக்கும் ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம்! அப்படியானால் பிழை சோம்பலில் இல்லை, ஆளுக்கு ஆள் மாறும் உடம்பில் இருக்கிறது. பிறகு வானியலாளர்கள் அதை அளந்து, கணக்கில் கழிக்கவே தொடங்கினார்கள்.

கின்னிப்ரூக் 1802லேயே காலமாகியிருந்தார்.