துளையின் கணக்கு

சென்ற மாதம் என் அக்காள் பேரன் செங்கல்பட்டு வீட்டுக்கு வந்திருந்தான். பழைய ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, கேம் ஷாஃப்ட், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாற்றி வைத்திருக்கிறான். நம் மறைமலைநகரில் 1999 முதல் செய்யப்பட்ட வண்டிதான் அது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.

"இன்ஜெக்டரை மட்டும் மாத்தணும் தாத்தா. 440 சி.சி. வாங்கப் போறேன். பெரிசாப் போட்டா பவர் வரும்" என்றான்.

எனக்கு ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியான வேளை ஞாபகம் வந்துவிட்டது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. இங்கே பெட்ரோல் விலை கிடுகிடுவென்று ஏறியது. என் தாய்மாமா ஓர் அம்பாசடர் டாக்சி வைத்திருந்தார். செங்கல்பட்டில் ஆள் ஏற்றி, திருக்கழுக்குன்றத்தில் கழுகுக்குச் சோறு வைப்பதைக் காட்டிவிட்டு, மாமல்லபுரம் போய் வருவார். நான் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தா. சாயங்காலங்களில் மாமாவின் கணக்கை எழுதுவேன். வரவு அப்படியே இருக்க, பெட்ரோல் செலவு மட்டும் வாராவாரம் ஏறியது.

வண்டியில் இருந்தது சோலெக்ஸ் கார்புரேட்டர். சோலெக்ஸ் என்பது கூதார், மெனெசோன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய கம்பெனி. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு பிரெஞ்சுக் கையேட்டைப் படிக்க முடிந்தது. பெட்ரோல் போகும் பித்தளைத் துளையை நாம் ஜெட் என்கிறோம். அவர்கள் 'ழிக்லேர்' என்பார்கள். 125 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.25 மில்லிமீட்டர். பெட்ரோல் குறைந்த கலவைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஏழைக் கலவை', கூடிய கலவைக்குப் 'பணக்காரக் கலவை'.

125-ஐ எடுத்துவிட்டு 115 போட்டால் செலவு குறையும் என்று நான்தான் யோசனை சொன்னேன். மெக்கானிக் அண்ணன் தயங்கினார். அவர் வருடம் தவறாமல் சோழவரம் போய்க் கார் பந்தயம் பார்ப்பவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை அது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. வண்டியை முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்களாம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் குறைவு. பிஸ்கட் நிறம்தான் சரி. அதற்கேற்ப ஜெட்டை மாற்றுவார்கள்.

"தம்பி, எஞ்சின் கேக்கிறதைக் கொடுக்கணும். உங்க நோட்டு கேக்கிறதைக் கொடுக்கக் கூடாது" என்றார் அண்ணன். நான் பிடிவாதம் பிடித்தேன். மாமா என் படிப்பை நம்பினார்.

125-க்கும் 115-க்கும் 8 சதவீதம்தான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; உண்மையில் குறைந்தது 15 சதவீதம். ஏழைக் கலவையின் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகியது. மூன்றாம் வாரம், திருக்கழுக்குன்றம் தாண்டி, பயணிகளோடு வண்டி நின்றுவிட்டது. ரிப்பேருக்கு அத்தையின் வளையல் அடகுக்குப் போனது. மாமா கடைசி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு காலம் மாறியது. 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சினார்கள். 1967-ல் ஃபோக்ஸ்வாகன் காருக்கு பாஷ் கம்பெனி மின்னணு இன்ஜெக்ஷன் கொடுத்தது. 1990-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் திறந்தது. 2000 வாக்கில் புகைக் கட்டுப்பாடு வந்தபோது நம் ஊர்ப் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் போயே போய்விட்டது. ஆனால் துளையின் கணக்கு போகவில்லை.

காலண்டர் தாளைத் திருப்பிப் பேரனிடம் கேட்டேன். "எத்தனை குதிரைத் திறன் எதிர்பார்க்கிறே?"

"120 தாத்தா."

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் ஒரு குதிரைத் திறனுக்கு மணிக்குச் சுமார் 227 கிராம் பெட்ரோல் வேண்டும். 120-க்கு 27 கிலோ. நான்கு இன்ஜெக்டருக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 6.8 கிலோ. இன்ஜெக்டர் முழு நேரமும் திறந்தே இருக்கக் கூடாது. 6,000 சுற்றில் ஒரு சுழற்சிக்குக் கிடைப்பது 20 மில்லி விநாடி. அதில் 16-க்கு மேல் திறக்காமல் இருப்பது நல்லது. அதாவது 80 சதவீதம். அப்படியானால் 8.5 கிலோ. நிமிடக் கணக்கில் சுமார் 190 சி.சி. கொஞ்சம் கையிருப்பு வைத்தாலும் 210, 220 போதும்.

"440 போட்டா என்ன ஆகும்?" என்றான்.

வண்டி நின்றபடி ஓடும்போது எஞ்சினுக்கு வேண்டியது சொட்டுப் பெட்ரோல். பெரிய இன்ஜெக்டர் அதைக் கொடுக்க ஒரு மில்லி விநாடி அளவுக்கே திறக்க வேண்டிவரும். அவ்வளவு குறுகிய நேரத்தில் அளவு ஒரே சீராக இருக்காது. எஞ்சின் குலுங்கும், பிளக் கரியாகும். மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். பவர் காற்றிலிருந்து வருகிறது. இன்ஜெக்டர் அந்தக் காற்றுக்கு ஈடு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இன்ஜெக்டருக்கு எழுதியிருக்கும் அளவு எந்த அழுத்தத்தில் என்றும் பார்க்க வேண்டும். 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினால் அதே இன்ஜெக்டர் சுமார் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும்.

அந்த 15 சதவீதத்தைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கம்மிவிட்டது. மாமாவின் வண்டிக் கதையை அவனிடம் அன்றுதான் முதல் முறையாகச் சொன்னேன். வளையல் விஷயத்தையும் சொன்னேன்.

அவன் 220 சி.சி.தான் வாங்கினான். பொருத்துவதற்கு முன் ஒரு பட்டறையில் நான்கையும் கண்ணாடிக் குழாய்களில் ஒரு நிமிடம் பீய்ச்சி அளந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். நான்கும் ஒரே மட்டத்தில் நின்றன. கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவைப் புதிதாகத் திருத்தி, ஆக்சிஜன் சென்சார் வைத்துச் சரிபார்த்தார்கள்.

தடத்தில் ஓட்டிவிட்டு வந்த அன்று ராத்திரி, கைபேசியில் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். கழற்றிய பிளக்கின் படம். பிஸ்கட் நிறத்தில் இருந்தது.