முத்தோரையின் பாவு

தாமலில் விடிவதற்கு முன்பே தெருவில் பாவு நீட்டுவார்கள். ஓர் இழை தளர்ந்தாலும் அது பின்னால் சேலையில் தெரிந்துவிடும் என்பதால், அந்நேரத்தில் அங்கே பேச்சும் குறைந்திருக்கும். உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கியை முதன்முதலாகக் கண்டபோது எனக்கு அந்தத் தெருதான் நினைவுக்கு வந்தது.

மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 24 பரவளையச் சட்டங்களின்மேல் முனைக்கு முனை இழுத்துக் கட்டிய சுமார் 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள். தகடு பரப்பவில்லை. ஏறத்தாழ 92 செ.மீ. நீளமுள்ள ரேடியோ அலைக்கு இந்தக் கம்பி வரிசையே முழுக் கண்ணாடி. மலைக்காற்றுக்கோ திறந்த வாசல்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் 1960களில் தேடியது ஒரு குறிப்பிட்ட சரிவை. அந்த இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு பாகையே சரிவும் இருக்க வேண்டும். முத்தோரையில் இரண்டும் சுமார் 11 பாகை. ஆகவே கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். 1970இல் கருவி இயங்கத் தொடங்கியது.

இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது பெருங்குறையாகப் படுகிறது. கண்ணாடி எதையும் கேட்பதில்லை, குவிக்கிறது, அவ்வளவுதான். கேட்பது குவிகோட்டில் வரிசையாக நிற்கும் 1056 டைபோல்கள். பொறியாளர்கள் இப்பகுதிக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழாக்கினால் 'ஊட்டி' என்று வரும். ஊட்டியில் ஓர் ஊட்டி! ஆனால் இது ஊட்டுவதில்லை, உண்கிறது. அலைபரப்பும் கருவிக்குப் பிறந்த பெயர் வாங்கும் கருவிக்கும் ஒட்டிக்கொண்டது.

இதை வடிவமைப்பதில்தான் சிக்கல். டைபோலின் பார்வை கண்ணாடியின் விளிம்போடு நிற்க வேண்டும். விளிம்பைத் தாண்டினால் வெதுவெதுப்பான தரையின் இரைச்சல் உள்ளே புகும். குறுகினால் கட்டிய கண்ணாடியில் ஒரு பகுதி வீண். செயற்கைக்கோள் நிலையத்தின் வட்டக் கிண்ணத்திற்கும் இதே கணக்குத்தான். ராடாரில் இன்னும் நுட்பம் கூடும்: அருகருகே அமைந்த கொம்புக் குழல்களில் வந்து சேரும் அலைகளின் வேறுபாட்டைக் கொண்டே இலக்கு எப்பக்கம் விலகுகிறது என்று அறிகிறார்கள்.

முத்தோரையில் கிழக்கு மேற்காகத் திருப்புவது இயந்திரம். வடக்கு தெற்காகத் திருப்புவது மின்சாரம். ஒவ்வொரு டைபோலின் அலையையும் மிகச் சிறிதளவு தாமதப்படுத்திக் கூட்டினால், எதுவும் அசையாமலே பார்வை நகர்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரே நேரத்தில் பல பொருள்களைத் தொடரும் ராடாரும் இதே தத்துவத்தின் வழிவந்ததே.

பழைய அமைப்பில் பெருக்கியை அடையும் முன்பே அலைகள் வடங்களில் வலுவிழந்தன. 1990களின் தொடக்கத்தில் அந்தக் குவிகோட்டு வரிசையைப் புதுப்பித்து, ஒவ்வொரு டைபோலுக்குப் பின்னும் ஒரு சிறு பெருக்கியும் தாமதப்படுத்தும் சுற்றும் வைத்தார்கள். சட்டங்கள் அவையே, கம்பிகளின் பரப்பும் அதுவே. கேட்கும் திறன் மட்டும் பன்மடங்கு கூடியது.

நான் போன அன்று உடன்வந்த மாணவர்கள் சட்டங்களைப் படம் எடுத்தார்கள். நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மட்டும், மேலே ஓடும் அந்த ஒற்றை வரிசையைக் காட்டி, அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவார்கள் ஐயா என்று கேட்டாள்.