ரிஸானாவின் கடவுச்சீட்டில் இருந்த பிறந்த ஆண்டு



ரிஸானா நபீக் என்ற பெயரை இன்று தரம் 10இல் படிக்கும் பிள்ளைகள் பலர் அறியமாட்டார்கள். அந்த மரணச் செய்தி வந்தபோது அவர்கள் சிறு குழந்தைகள். பெரியவர்களாகிய நாமும் மறந்துகொண்டு வருகிறோம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மூதூர் ஷாபி நகரில் 1988 பெப்ரவரி 4ஆம் திகதி பிறந்தவர் ரிஸானா. வாப்பா விறகு வெட்டிக் குடும்பத்தைப் பார்த்தவர். 2005 மே மாதம், சுனாமி அடித்து ஐந்து மாதங்கூட ஆகாத நேரத்தில், வீட்டு வேலைக்காக சவூதி போனார். வயது 17. ஆனால் கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. அந்த ஆறு வயதும் கூட்டப்பட்டது சவூதியில் இல்லை, நமது நாட்டில்.

போய்ச் சில வாரங்களே. மே 22ஆம் திகதி, அவரது கையில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றார் ரிஸானா. கொலை என்றது வழக்கு. பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்ற கேள்வியும் எழுந்தது. 2007 ஜூன் 16ஆம் திகதி தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதுவரை அவருக்காகப் பேச ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை. அதன்பிறகே ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு என்ற அமைப்பு நிதி திரட்டி மேன்முறையீட்டுக்கு வழி செய்தது. குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. பிள்ளையை இழந்தவர்களின் துயரத்தை நாம் குறைத்துப் பேசவும் கூடாது. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது ரிஸானாவுக்கு வயது 24.

இப்படி ஒரு மரணம் ஒரு நாட்டையே உலுக்கியது அது முதல் தடவையல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண் ஃப்ளோர் கொன்டெம்பிளாசியோன் 1995 மார்ச் 17ஆம் திகதி சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். மூன்று மாதத்துக்குள், ஜூனில், புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. வெளிநாட்டில் வழக்கில் சிக்குபவர்களுக்குச் சட்ட உதவி நிதி உருவானது. சம்பளம் கிடைக்காவிட்டால் முதலாளியோடு சேர்த்து அனுப்பிய ஏஜென்சியும் பொறுப்புச் சொல்ல வேண்டும் என்றானது. அந்தச் சட்டத்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்டது என்பதைக் கவனியுங்கள்.

நமது நாட்டில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம் 1985இலேயே வந்துவிட்டது. புலம்பெயர் தொழிலாளர் பற்றிய ஐ.நா. சமவாயத்திலும் 1996இல் இணைந்தோம். ரிஸானாவின் மரணத்துக்குப் பிறகு என்ன செய்தோம்? சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போக 25 வயது ஆக வேண்டும் என்றோம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகக்கூடாது என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டோம். பிள்ளைகளின் வாப்பாவிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. பிறகு 2022இல், நாடு டொலருக்குத் திண்டாடியபோது, வயதெல்லை 21 ஆக இறங்கியது. டொலர் தேவைப்பட்டதும் கதவு திறந்தது. அந்த வீட்டுக்குள் அவள் யாரிடம் முறையிடுவாள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சவூதியும் 2013இல் வீட்டுப் பணியாளர்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. நாளுக்கு ஒன்பது மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பவை அதில் இருந்தன. ஆனால் கஃபீலின் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அது நடக்கிறதா என்று யார் பார்ப்பது? வீட்டுப் பணியாளருக்கான சர்வதேச தொழில் அமைப்பின் 189ஆம் இலக்கச் சமவாயம் 2011இல் வந்தது. பிலிப்பைன்ஸ் அடுத்த வருடமே ஏற்றுக்கொண்டது, உலகில் இரண்டாவது நாடாக. இலங்கை இன்னும் ஏற்கவில்லை. வாக்குக் கேட்டு ஊருக்கு வருபவர்களிடம் இதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

அதுவரை ஊரில் நாம் செய்யக்கூடியவை உண்டு. ஒரு பிள்ளையின் உண்மையான வயது பாடசாலை அனுமதிப் பதிவேட்டில் இருக்கிறது, பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தெரியும், அயலவருக்கும் தெரியும். சப் ஏஜன்ட் வீட்டுக்கு வந்து போவதும் தெரியும். வயதைக் கூட்டுகிறார்கள் என்றால் அது அந்தக் குடும்பத்து விஷயம் என்று ஒதுங்கிப் போகக்கூடாது. போகிற சகோதரியின் ஒப்பந்தத்தை அவருக்குப் புரிகிற தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஒப்பந்தம், கடவுச்சீட்டு, ஏஜென்சியின் அனுமதி இலக்கம் எல்லாவற்றின் பிரதியும் வீட்டில் இருக்கட்டும். சம்பளம் வரவில்லை, அழைப்பு வரவில்லை என்றால் காத்திருக்காமல் பணியகத்தில் முறைப்பாடு எழுத உதவுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஊரில் ஆசிரியர்களாகிய நாம் இருக்கிறோம்.

அல்லாஹ் அந்தச் சகோதரிக்கும் அந்தக் குழந்தைக்கும் அருள் புரிவானாக. அடுத்த பிள்ளையின் பிறந்த ஆண்டை யாரும் மாற்றி எழுதாமல் பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.